யார் வாசிக்கிறார்கள்? சமூக அறிவியல் முனைவர் பட்டத் திட்டம்: ஒரு பயனாளரின் மதிப்புரை

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்ய நினைப்பவர் தமிழ்நாட்டில் முதலில் விசாரிப்பது, எந்தக் கைடிடம், அதாவது ஆய்வு நெறியாளரிடம், வேக்கன்சி இருக்கிறது என்பதைத்தான். அந்தத் துறையின் நூலகம் எப்படி, அண்மையில் அங்கிருந்து வெளிவந்த ஆய்வேடுகளின் தரம் என்ன என்பவையெல்லாம் அதற்குப் பிறகுதான் வரும். பலருக்கு வராமலே போய்விடும். ஆறு ஆண்டுகள் வரை நீளக்கூடிய, பணமும் உழைப்பும் இளமையும் செலவாகும் ஒரு சேவையை இப்படி விசாரித்து வாங்குவது விந்தைதான். ஆகவே, இந்தியப் பல்கலைக்கழகங்கள் சமூக அறிவியல் ஆய்வாளர்களுக்கு வழங்கும் முனைவர் பட்டத் திட்டத்தை ஒரு சேவையாகவே எடுத்துக்கொண்டு, அதைப் பயன்படுத்தி முடித்தவன் என்ற முறையில் இந்த மதிப்புரையை எழுதுகிறேன். நான் சமூகவியலில் முழுநேர ஆய்வாளனாக ஒரு மாநிலப் பல்கலைக்கழகத்தில் பதிவு செய்து பட்டம் பெற்றவன். அதன் பெயர் இங்கே தேவையில்லை. நான் சொல்லப்போகும் குறைகள் அந்த ஒரு வளாகத்துக்கு மட்டும் உரியவை அல்ல.

இப்போது சேர்பவர்களுக்குப் பொருந்துவது, பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) 2022 நவம்பரில் வெளியிட்ட விதிமுறை. நான் அதற்கு முந்தைய 2016ஆம் ஆண்டு விதிமுறையின் கீழ் பதிவு செய்தவன். மாறியவற்றை ஆங்காங்கே குறிப்பிடுகிறேன். புதிய விதிமுறைப்படி குறைந்தபட்சக் காலம் மூன்று ஆண்டுகள், அதிகபட்சம் ஆறு ஆண்டுகள். மறுபதிவு செய்துகொண்டால் மேலும் இரண்டு ஆண்டுகள் கிடைக்கும். பெண்களுக்கும், 40 விழுக்காட்டுக்கு மேல் குறைபாடுள்ள மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டுகள் உண்டு. மகப்பேறு, குழந்தைப் பராமரிப்பு விடுப்பாகப் பெண்கள் 240 நாள்கள் வரை எடுத்துக்கொள்ளலாம். 2016 விதிமுறையிலும் இருந்த இந்தச் சலுகையை மனமாரப் பாராட்ட வேண்டும்; என்னோடு படித்தவர்களில் குழந்தை பெற்ற பின்னும் பதிவை இழக்காமல் ஆய்வேட்டைச் சமர்ப்பித்தவர்கள் இருக்கிறார்கள், இந்த விதி இல்லாவிட்டால் அவர்களுடைய ஆய்வு பாதியிலேயே நின்றிருக்கும். ஆனால் இந்த விதிமுறை வேதியியலுக்கும் வரலாற்றுக்கும், இயற்பியலுக்கும் சமூகப்பணிக்கும் ஒரே அச்சில் வார்க்கப்பட்டது. சமூக அறிவியல் ஆய்வாளர் சந்திக்கும் சிக்கல்களில் பாதிக்கு மேல் இந்த ஒரே அச்சிலிருந்து பிறப்பவை என்பது என் முடிவு. அதை விளக்கவே இவ்வளவு நீளம்.

சேர்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். முன்பு ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியே நுழைவுத் தேர்வு நடத்திவந்தது. 2024 ஜூன் முதல் தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வின் மதிப்பெண்ணையே சேர்க்கைக்கும் பயன்படுத்தலாம் என்று யு.ஜி.சி. அறிவித்து, ‘முனைவர் பட்டச் சேர்க்கைக்கு மட்டும் தகுதி’ என்று ஒரு பிரிவையும் உருவாக்கியது. அந்த மதிப்பெண்ணுக்கு 70 விழுக்காடு, நேர்காணலுக்கு 30 விழுக்காடு. ஊர் ஊராகப் போய்த் தேர்வெழுதும் அலைச்சலும் விண்ணப்பச் செலவும் குறைந்தது நன்மை. கொள்குறி வினாக்களுக்கு விடையளிக்கும் திறமைக்கும், ஒரு கிராமத்தில் ஓராண்டு தங்கி மக்களிடம் பேசிப் பெற்றதை முந்நூறு பக்கங்களில் எழுதும் திறமைக்கும் என்ன உறவு என்பதை மட்டும் யாரும் கேட்பதில்லை. நேர்காணலில் கேட்கலாம், பெரும்பாலான நேர்காணல்கள் தலைப்பைக் கேட்பதோடு முடிந்துவிடுகின்றன.

சேர்ந்த பிறகு கோர்ஸ் வொர்க், அதாவது ஆய்வாளர் முதலில் படித்துத் தேற வேண்டிய பாடங்கள். 2016இல் குறைந்தது எட்டு கிரெடிட் என்றிருந்தது இப்போது 12 ஆக உயர்ந்திருக்கிறது. ஆய்வு முறையியல், அத்துடன் 2019 முதல் கட்டாயமாக்கப்பட்ட ‘ஆய்வு மற்றும் வெளியீட்டு நெறிமுறைகள்’ என்ற இரண்டு கிரெடிட் பாடம், மீதிக்குத் துறை சார்ந்த தாள்கள். மொத்தத்தில் 55 விழுக்காடு பெற்றால் தேர்ச்சி. காகிதத்தில் குறையில்லை. ஆனால் நெறிமுறைப் பாடத்தின் பாடத்திட்டத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்கள். 30 மணி நேரம், ஆறு அலகுகள்: தத்துவமும் அறமும், அறிவியல் நடத்தை, வெளியீட்டு அறம், திறந்த அணுக்க வெளியீடு, வெளியீட்டு முறைகேடுகள், தரவுத்தளங்களும் ஆய்வு அளவீடுகளும். இவற்றில் நேர்காணல் கொடுத்த மனிதரின் அடையாளத்தைக் காப்பது எப்படி என்பதற்கு ஓர் அலகு கிடையாது. என்னுடைய களம் திருப்பூர்ப் பின்னலாடை நிறுவனங்களில் வேலை செய்யும் வெளிமாநிலத் தொழிலாளர்கள். ஒருவர் தம் ஓவர்டைம் கூலியை நிறுத்திவைத்திருக்கும் காண்ட்ராக்டரின் பெயரைச் சொல்லி, ‘எழுதிக்கொள்ளுங்கள்’ என்கிறார். அடுத்த கட்டிலில் படுத்திருப்பவர் அதே காண்ட்ராக்டரின் ஊர்க்காரர். குறிப்பேட்டில் என்ன எழுதுவது, ஆய்வேட்டில் எதை மறைப்பது, அந்தக் குறிப்பேட்டை எங்கே வைப்பது? இதற்கு எச்-இண்டெக்ஸ் என்ற மேற்கோள் அளவீட்டைக் கணக்கிடத் தெரிந்திருப்பது உதவாது. சமூக அறிவியல் ஆய்வாளருக்கு அறச்சிக்கல் முதலில் எழுவது களத்தில். பாடத்திட்டமோ அது இதழ் அலுவலகத்தில் எழுவதாக எண்ணுகிறது.

முனைவர் பட்டத்துக்கு முந்தைய ஆய்வுப் பட்டமான எம்.ஃபில்.லை நீக்கியதைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். 2022 விதிமுறை அதற்கு முற்றுப்புள்ளி வைத்தது. அஞ்சல் வழியில் எம்.ஃபில். வழங்கிய காலம் ஒன்று இருந்தது என்பதையும், 2009 விதிமுறை அதைத் தடை செய்ய வேண்டியிருந்தது என்பதையும் அறிந்தவர்கள் இதற்காகக் கண்ணீர் விட மாட்டார்கள். ஆயினும் ஒழுங்காக நடந்த இடங்களில், குறிப்பாகத் திருவனந்தபுரத்தில் உள்ள வளர்ச்சி ஆய்வு மையம் போன்றவற்றில், எம்.ஃபில். என்பது ஒரு சிறிய ஆய்வேட்டைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதிப் பார்க்கும் பயிற்சியாக இருந்தது. சிறியதை எழுதிப் பார்க்காமல் நேரே பெரியதை எழுத உட்காரும் இன்றைய ஆய்வாளர், முதல் இயலை எழுதத் தொடங்கும்போது நான்காவது ஆண்டில் இருக்கிறார். நான்காண்டு இளநிலைப் பட்டத்தில் 75 விழுக்காடு பெற்றவர் முதுகலையும் இல்லாமல் நேரடியாகச் சேரலாம் என்று இப்போது வழி திறந்திருப்பதால், இந்த இடைவெளி இன்னும் அகலும் என்றே நினைக்கிறேன்.

இனி நெறியாளர். பேராசிரியர் எட்டுப் பேரையும், இணைப் பேராசிரியர் ஆறு பேரையும், உதவிப் பேராசிரியர் நான்கு பேரையும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளலாம். தொடக்கத்தில் சொன்ன வேக்கன்சி பிறப்பது இந்த எண்களிலிருந்துதான். ஓய்வு பெற மூன்றாண்டுகளுக்குக் குறைவாக உள்ளவர் புதிதாக யாரையும் சேர்க்க முடியாது. இவை நியாயமான வரம்புகள். ஆனால் எட்டுப் பேர் என்பது ஆய்வுக்கூடத்தில் ஒரு பொருளும் நம் துறைகளில் வேறொரு பொருளும் தரும் எண். வேதியியல் பேராசிரியரின் எட்டு மாணவர்களும் ஒரே கூடத்தில், பெரும்பாலும் ஒரே திட்டத்தின் வெவ்வேறு பகுதிகளில் வேலை செய்கிறார்கள். அவர் தினமும் அந்தக் கூடத்துக்குள் நுழைகிறார். மாணவர் எழுதும் கட்டுரையில் அவர் பெயரும் இருக்கும் என்பதால் அதை வாசித்தே ஆக வேண்டும். வாசிக்காமல் விட்டால் நட்டம் அவருக்கும் உண்டு. சமூகவியல் பேராசிரியரின் எட்டு மாணவர்களில் ஒருவர் ஜவ்வாது மலையில் இருப்பார், ஒருவர் ராமேசுவரம் மீனவர்களிடம் இருப்பார், ஒருவர் ஓசூரில் தொழிற்சங்கங்களைப் பற்றி எழுதிக்கொண்டிருப்பார், மற்றொருவர் காலையில் பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் எழுதும் பகுதிநேர ஆய்வாளராக இருப்பார். எட்டுத் தலைப்புகள், எட்டு நூற்பட்டியல்கள். ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு இயல்கள் கொடுத்தாலும் நெறியாளர் தமக்குப் பாதி மட்டுமே பழக்கமான பொருள்களில் பதினாறு நீண்ட கட்டுரைகளை வரிவரியாக வாசிக்க வேண்டும். வகுப்பு, தேர்வுத்தாள், தர மதிப்பீட்டுக்கு வரும் நாக் குழுவின் வருகை ஆகியவற்றுக்கிடையில் இதை எத்தனை பேர் செய்ய முடியும்? செய்தே தீர வேண்டும் என்று எந்த விதியும் சொல்லவில்லை. செய்தால் பதவி உயர்வில் தனிப் புள்ளி எதுவும் இல்லை.

இந்தத் திட்டத்தின் அடிப்படைக் குறை இதுதான். நாள்களை எண்ண விதி உண்டு. கிரெடிட்டை எண்ண விதி உண்டு. கூட்டங்களை எண்ண விதி உண்டு. பிறர் எழுத்தோடு உள்ள ஒற்றுமைச் சதவீதத்தை எண்ண மென்பொருளே உண்டு. ஆய்வாளர் எழுதிய வரைவை, ஆய்வேடு அச்சாகிப் புறத் தேர்வாளரின் கைக்குப் போகும்வரை, யாரேனும் ஒருவர் முழுமையாக வாசித்தாக வேண்டும் என்ற ஏற்பாடு மட்டும் இல்லை. நல்ல நெறியாளர் வாய்த்தால் வாசிப்பார். அது அவருடைய குணத்தின் சிறப்பே ஒழியத் திட்டத்தின் சிறப்பு அல்ல. என் நெறியாளர் வாசித்தார். அதுவும் சிவப்பு மையில், ஓரங்கள் நிரம்ப. ‘இதை எந்தத் தொழிலாளி சொன்னார், இல்லை நீயாக நினைத்துக்கொண்டாயா?’ என்று இரண்டாம் இயலின் ஓரத்தில் அவர் எழுதிய ஒரு வரி, கோர்ஸ் வொர்க் முழுவதையும் விட எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பக்கத்து அறையிலிருந்த ஆய்வாளருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கட்டிய கட்டணமும் நான் கட்டியதும் ஒன்றே.

இந்தக் குறையை ஈடு செய்யவே டாக்டரல் கமிட்டி இருக்கிறது என்று சொல்வார்கள். யு.ஜி.சி. அதை ஆய்வு ஆலோசனைக் குழு என்கிறது, நம்மிடம் டி.சி. என்றால்தான் தெரியும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை ஆய்வாளர் இந்தக் குழுவின் முன் தம் முன்னேற்றத்தை எடுத்துரைக்க வேண்டும். எண்ணம் மிக நல்லது. நடைமுறை எப்படி என்றால், காலை பதினொரு மணிக்குக் கூட்டம். பக்கத்து ஊர்க் கல்லூரியிலிருந்து வரும் உறுப்பினருக்குப் பதினொன்றரை ஆகிவிடும். முன்னேற்ற அறிக்கையின் ஸ்பைரல் பிரதி அவர் கையில் கிடைப்பது நாற்காலியில் உட்கார்ந்த பிறகே. பவர்பாயின்ட்டில் தலைப்பு, நோக்கங்கள், ‘முடிந்த பணிகள்’, ‘செய்ய வேண்டிய பணிகள்’ என்று ஓடும்; மாதிரியின் அளவு போதுமா, கருதுகோள் எங்கே என்று இரண்டு கேள்விகள் வரும்; மக்களோடு தங்கிப் பார்த்து எழுதும், கருதுகோள் தேவைப்படாத இனவரைவியல் ஆய்வுக்கும் அந்தக் கேள்வி தப்பாது. பிறகு ‘முன்னேற்றம் திருப்திகரம்’ என்று ஏற்கெனவே டைப் செய்து வைத்த படிவத்தில் கையெழுத்து, டீ, வடை, பயணப்படி ரசீது. இவர்களைக் குறை சொல்ல மனம் வரவில்லை. முன்கூட்டியே பிரதி அனுப்பினால் வாசித்து வருபவர்கள் உண்டு என்பதை நானே கண்டிருக்கிறேன். கூட்டத்துக்கு இரண்டு வாரம் முன்னதாக ஓர் இயலின் முழு வரைவு உறுப்பினர்களிடம் போய்ச் சேர வேண்டும், அவர்கள் எழுத்தில் கருத்துத் தர வேண்டும் என்ற ஒரே ஒரு வரியை விதிமுறையில் சேர்த்திருந்தால், இதே குழு, இதே செலவில், வேறொன்றாகியிருக்கும்.

யாரும் வாசிக்காத இடத்தில் வார்ப்பு வேலை செய்யத் தொடங்குகிறது. தமிழ்நாட்டில் சமூகப்பணி, வணிகவியல், பொருளியல் துறைகளின் ஆய்வேடுகள் சிலவற்றை அடுத்தடுத்துப் புரட்டியவர்களுக்கு இந்த வார்ப்பு தெரியும்: முன்னுரை, முந்தைய ஆய்வுகள், முறையியல், பகுப்பாய்வு, முடிவுகளும் பரிந்துரைகளும் என ஐந்து இயல்கள், வசதிக்கேற்ற மாதிரி, உடன்பாட்டின் அளவைக் கேட்கும் ஐந்து புள்ளி லிக்கர்ட் அளவுகோல், சதவீதப் பகுப்பாய்வு, கை-வர்க்கம் (chi-square) என்ற புள்ளியியல் சோதனை, முடிவில் ‘அரசு உரிய நடவடிக்கை எடுக்க வேண்டும்’. முந்தைய ஆய்வுகள் என்ற இயலில் ஒவ்வொரு பத்தியும் ஓர் ஆசிரியரின் பெயரோடும் ஆண்டோடும் தொடங்கி, அடுத்த பத்தியோடு எந்த உறவும் இல்லாமல் முடியும். வினாநிரலை மட்டும் கொடுத்தால் எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளில் ஏற்றி அட்டவணையும் விளக்கமும் சேர்த்துத் தரும் ஆட்கள் பல்கலைக்கழக வாசலில் ஜெராக்ஸ் கடைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கிறார்கள். அவர்களைத் தேடிப் போகும் ஆய்வாளரைப் பழிப்பது எளிது. புள்ளியியலை முழுதாகக் கற்பிக்க ஒரு தாளுக்கு மேல் ஒதுக்காத கோர்ஸ் வொர்க், ‘எத்தனை டேபிள் இருக்கிறது’ என்று கேட்கும் குழு, இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டவர் வேறு எங்கே போவார்?

பணம். நெட் தேர்வு வழியாகக் கிடைக்கும் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகை பெற்றவர்களுக்கு 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டுக்குப் பின் 42,000 ரூபாய். வீட்டு வாடகைப்படி தனி. கிடைத்தவருக்கு இது கௌரவமான தொகை. கிடைக்காதவர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இருந்தால் நெட் அல்லாதோர் உதவித்தொகையாக மாதம் 8,000 ரூபாய் பெறலாம். அதையும் நிறுத்தப் போவதாக 2015 அக்டோபரில் யு.ஜி.சி. முடிவெடுத்தபோது டெல்லியில் அதன் அலுவலகத்தை மாணவர்கள் முற்றுகையிட்ட பிறகே அது தப்பியது. மாநிலப் பல்கலைக்கழகத்தில் அந்த எட்டாயிரமும் இல்லை. நான் சுட்டிக்காட்ட விரும்புவது அதைவிடச் சிறிய ஒரு தொகையை. ஜே.ஆர்.எஃப்.பின் எதிர்பாராச் செலவுத் தொகை அறிவியல் ஆய்வாளருக்கு முதல் இரண்டாண்டுகளில் ஆண்டுக்கு 12,000 ரூபாய், பிறகு 25,000 ரூபாய்; சமூக அறிவியல், கலைப் புலத்தினருக்கு 10,000 ரூபாய், பிறகு 20,500 ரூபாய். நமக்குச் செலவு குறைவு என்ற எண்ணம் இதில் தெரிகிறது. பத்தாயிரத்தைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 833 ரூபாய். இதற்குள் பேருந்து, களத்தில் தங்குமிடம், ஒலிப்பதிவை எழுத்தாக்கும் கூலி, நூல், ஜெராக்ஸ் எல்லாம் அடங்க வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு வேதிப்பொருளைத் துறை வாங்கித் தரும். களத்தைத் துறை வாங்கித் தராது. களப்பணியைச் சுருக்கிக்கொண்டு கூகுள் ஃபார்மில் வினாநிரல் அனுப்பும் பழக்கம் பரவியதற்குச் சோம்பலை விட இந்தக் கணக்கே பெரிய காரணம் என்று நினைக்கிறேன்.

எழுதி முடித்த பின் வருவது ஒற்றுமைச் சோதனை. 2018ஆம் ஆண்டு விதிமுறைப்படி பத்து விழுக்காடு வரை தண்டனை இல்லை. பத்துக்கு மேல் நாற்பது வரை என்றால் ஆறு மாதத்துக்குள் திருத்திக் கொடுக்க வேண்டும். நாற்பதுக்கு மேல் அறுபது வரை என்றால் ஓராண்டுத் தடை. அறுபதைத் தாண்டினால் பதிவே ரத்து. திருட்டைத் தடுக்க இது தேவை என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் அறிக்கை கையில் வந்தபோது அதில் மஞ்சள் அடித்திருந்த இடங்களைப் பார்த்தால் சிரிப்பே வந்தது. ‘மாநிலங்களுக்கிடையே புலம்பெயர் தொழிலாளர் சட்டம், 1979’ என்ற ஆங்கிலப் பெயர் வரும் இடமெல்லாம் மஞ்சள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறைகள் மஞ்சள். திருப்பூர் மாவட்டத்தின் எல்லைகளைச் சொல்லும் பத்தி மஞ்சள். முன்னோர் கருத்தை மேற்கோள் குறிக்குள் இட்டு, பக்க எண்ணோடு கொடுத்த இடங்களும் சிலவற்றில் மஞ்சள். அவற்றை நீக்கிக் கணக்கிடச் சொல்லி நூலகத்தில் ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க வேண்டியிருந்தது. அதே மென்பொருள், ஒருவர் கருத்தைச் சொற்களை மட்டும் மாற்றிப் போட்டு எடுத்துக்கொண்ட ஆய்வேட்டுக்கு நான்கு விழுக்காடு என்று சான்றிதழ் தந்ததையும் பார்த்திருக்கிறேன். மென்பொருள் எழுத்தை ஒப்பிடும், வாசிக்காது. வாசிக்க ஆள் இல்லாத ஏற்பாட்டில் அதன் எண்ணுக்கு அளவுக்கு மீறிய மரியாதை கிடைத்துவிடுகிறது.

கட்டுரை வெளியீட்டு விஷயத்தில் 2022 விதிமுறை ஒரு நல்ல காரியம் செய்தது. 2016 விதிமுறை, ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் ஓர் ஆய்வுக் கட்டுரையும் இரண்டு கருத்தரங்க உரைகளும் கட்டாயம் என்றது. விளைவு, பணம் வாங்கிக்கொண்டு ஒரே வாரத்தில் வெளியிடும் இதழ்களும், காலையில் பதிவு செய்து மதியச் சாப்பாட்டோடு சான்றிதழ் தரும் ‘பன்னாட்டு’க் கருத்தரங்குகளும். இதைக் கட்டுப்படுத்த 2019இல் வந்த, ஏற்கத்தக்க இதழ்களைச் சொல்லும் யு.ஜி.சி. கேர் பட்டியலையும் 2025 பிப்ரவரியில் கைவிட்டார்கள். யு.ஜி.சி. கட்டாயத்தை நீக்கியதே தவிரப் பல பல்கலைக்கழகங்கள் தங்கள் விதியில் அதை இன்னும் வைத்திருக்கின்றன. சேர்வதற்கு முன் கேட்டுக்கொள்வது நல்லது. நெறியாளர் பெயரையும் கட்டுரையில் சேர்க்கும் வழக்கம் ஆய்வுக்கூடத்திலிருந்து நம் துறைகளுக்கும் வந்துவிட்டது. வாசிக்கும் கடமை மட்டும் கூடவே வரவில்லை.

மதிப்பீட்டுக்கு நெறியாளரோடு குறைந்தது இரண்டு புறத் தேர்வாளர்கள். சமர்ப்பித்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்கிறது விதி. என் ஆய்வேட்டுக்கு ஓராண்டைத் தாண்டியது. தேர்வாளர் ஒருவர் பதிலே போடாமல் இருந்து, பட்டியலில் அடுத்தவருக்கு அனுப்பியதால் வந்த தாமதம். அந்த ஓராண்டில் உதவித்தொகை இல்லை, பட்டமும் இல்லாததால் வேலைக்கு விண்ணப்பிக்கவும் முடியாது. இந்த இடைக்காலத்தைப் பற்றி எந்தக் கையேடும் பேசுவதில்லை. ஆனால் வந்த அறிக்கைகளில் ஒன்று என்னை நெகிழவைத்தது: எட்டுப் பக்கம், இயல் இயலாக, நான் கவனிக்காத ஒரு முரண்பாட்டைச் சுட்டி. முன்பின் தெரியாத ஒருவர், சொற்பமான மதிப்பூதியத்துக்கு, முழுவதையும் வாசித்திருந்தார். அது ஆய்வின் இரண்டாம் ஆண்டில் கிடைத்திருக்க வேண்டிய அறிக்கை. வைவா என்ற வாய்மொழித் தேர்வு பொதுவெளியில், யார் வேண்டுமானாலும் வந்து கேள்வி கேட்கும்படி நடப்பது நம் முறையின் சிறப்பு. பிரிட்டனில் இது பெரும்பாலும் மூடிய அறைக்குள், இரண்டு தேர்வாளர்களுக்கும் ஆய்வாளருக்கும் இடையில் நடக்கிறது. அதே பிரிட்டனில் நெறியாளர் தேர்வாளராக இருக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். இங்கே அவர் இரண்டுமாக இருக்கிறார். பொன்னாடை, பூங்கொத்து, உறவினர் கூட்டம், விருந்து என்று வைவா ஒரு கல்யாண நிகழ்ச்சியின் சாயலை அடைந்துவிட்டதால், கடினமான கேள்வி கேட்பவர் மரியாதை தெரியாதவராகிவிடுகிறார்.

இதே விதிமுறைக்குள் இதைவிடச் சிறப்பாக நடத்தும் இடங்கள் உண்டு. இந்திய சமூக அறிவியல் ஆராய்ச்சிக் கழகம் 1969இல் தொடங்கப்பட்டு, நாடெங்கும் ஆய்வு நிறுவனங்களுக்கு நிதி வழங்கிவருகிறது. சென்னை அடையாறில் மால்கம் ஆதிசேஷையா 1971இல் நிறுவிய சென்னை வளர்ச்சி ஆராய்ச்சி நிறுவனம், பெங்களூரின் சமூக, பொருளாதார மாற்ற ஆய்வு நிறுவனம், முன்பு சொன்ன திருவனந்தபுரம் மையம் ஆகியவை இந்த வரிசையில் வருபவை. இவற்றில் இளநிலை வகுப்புகளின் சுமை இல்லை, ஆசிரியர்களே ஆய்வாளர்கள், கருத்தரங்கு என்பது சான்றிதழ் வாங்கும் இடமாக இல்லாமல் வாராந்திர வழக்கமாக இருக்கிறது. பெங்களூர் நிறுவனத்தில் முனைவர் பட்ட ஆய்வாளர்கள் ஆண்டுக்கு இருமுறை, தங்கள் குழுவோடு நில்லாமல் மற்ற பேராசிரியர்கள் முன்பும் பணியை எடுத்துரைக்கும் முறை உண்டு. இடங்கள்தான் மிகக் குறைவு. அங்கே இடம் கிடைக்காதவர்கள், இதே கழகத்தின் நிதியில் நடக்கும் பத்து நாள் ஆய்வு முறையியல் பயிலரங்குகளுக்கு விண்ணப்பிக்கலாம்; எல்லாம் ஒரே தரத்தில் இருப்பதில்லை என்றாலும், வேறு வேறு துறையினர் ஒரு விடுதியில் தங்கி இரவு வரை தங்கள் களத்தைப் பற்றிப் பேசிக்கொள்ளும் வாய்ப்பு வேறெங்கும் எனக்குக் கிடைக்கவில்லை.

காந்திநகர் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஆய்வேடுகளின் இணையக் களஞ்சியமான சோத்கங்காவுக்கு முழு மதிப்பெண் தருகிறேன். முனைவர் பட்ட ஆய்வேட்டின் மின்பிரதியைக் கட்டாயம் ஒப்படைக்கச் சொன்ன 2009 விதிமுறையின் பயன் இது. லட்சக்கணக்கான ஆய்வேடுகள், காசில்லாமல், வீட்டிலிருந்தே. முன்பெல்லாம் ஓர் ஆய்வேட்டைப் பார்க்க அந்தப் பல்கலைக்கழக நூலகத்துக்கே போய், படியெடுக்க அனுமதியில்லாமல் கையால் எழுதி வர வேண்டும். சென்னையில் தங்க முடிந்தவர்களுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகமும் தரமணியில் உள்ள ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமும் இருக்கின்றன. இந்தப் பட்டத் திட்டத்தின் பகுதியாக இல்லாவிட்டாலும், வரலாறு சார்ந்து எழுதுபவருக்கு இவையே உண்மையான வகுப்பறைகள்.

மொத்தத்தில் ஐந்துக்கு மூன்று தருவேன். அரசு நிதியில், கட்டணம் இன்னும் கைக்கு எட்டும் அளவில், இடஒதுக்கீட்டோடு நடக்கும் ஏற்பாடு இது. முதல் தலைமுறைப் பட்டதாரி ஒருவர் தம் ஊரைப் பற்றித் தாமே எழுத வழி செய்வது இது ஒன்றே. குறைந்த இரண்டு மதிப்பெண்ணும் வாசிப்பு இல்லாமைக்கு. சேர நினைப்பவர் வேக்கன்சியை விசாரிப்பதற்கு முன் சோத்கங்காவில் அந்த நெறியாளரின் பெயரை இட்டுத் தேடி, அவரிடம் முடித்தவர்களின் ஆய்வேடுகளில் இரண்டையாவது முழுதாக வாசித்துவிட வேண்டும். ஐந்து இயல்களும் ஒரே வார்ப்பில் இருந்தால் உங்களுடையதும் அப்படியே ஆகும். பிறகு அவரிடம் இப்போது ஆய்வு செய்துகொண்டிருக்கும் ஒருவரைத் துறைக்கு வெளியே, டீக்கடையில் சந்தித்து, ‘கடைசியாகக் கொடுத்த இயல் எத்தனை நாளில் திரும்பி வந்தது, அதில் என்ன எழுதியிருந்தார்?’ என்று கேட்க வேண்டும். அவர் தம் பையிலிருந்து அந்தப் பிரதியை எடுத்துக் காட்டினால் தயங்காமல் விண்ணப்பிக்கலாம்.